சுவரும் சொல்லும்

"சுவர் இருந்தாலல்லவோ சித்திரம் எழுதலாம்!" என்பது நமது நாட்டுப் பழமொழி. உடம்பைப் பேணாமல் ஓடியாடி உழைக்கிறவர்களையும், கையில் முதல் இல்லாமல் வியாபாரம் தொடங்குகிறவர்களையும் பார்த்து நமது பாட்டிமார்கள் சொல்லும் புத்திமதி இது. ஆனால் அந்தச் சுவருக்கும் சித்திரத்துக்கும் வழங்கும் சொற்களே ஒரு பெரிய சரித்திரத்தைத் தமக்குள் மறைத்து வைத்திருக்கின்றன என்பதை நாம் சாதாரணமாக நினைத்துப் பார்ப்பதில்லை.

பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சுவரைச் சுரண்டும்போது கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக்கு அடியில் மஞ்சள் தெரியும். மஞ்சளுக்கு அடியில் நீலம். அதற்கும் அடியில் பாட்டனார் காலத்துக் காரை. சொற்களும் அப்படித்தான். மேலே தெரிவது ஒரு பூச்சு. உள்ளே இருப்பவை பல பூச்சுகள்.

ஆங்கிலேயரின் ஆட்சி 1947-ஆம் ஆண்டோடு போய்விட்டது. அவர்களுடைய பாஷையிடம் நமக்குள்ள அச்சம் மட்டும் முற்றும் போனபாடில்லை. குழந்தை 'பெயிண்ட்' என்று சொன்னால் நாகரிகம், 'வர்ணம்' என்று சொன்னால் பட்டிக்காடு என்று எண்ணுகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. ஆங்கிலத்தை வெறுக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அது அரிய பாஷை, கற்கத்தக்க பாஷை. ஆனால் அந்தச் சொற்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அச்சம் தெளியும். அதற்கு, வீட்டுச் சுவரையும் அதன் மேல் ஏறும் வர்ணத்தையும் பற்றிய சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முளையிலிருந்து மதில்

முதலில் 'வால்' என்ற சொல்லையே பார்ப்போம். சுவர் என்று பொருள்படும் இந்தச் சொல் ஆங்கிலேயரின் முன்னோர்கள் தாமாக ஆக்கிக்கொண்டதன்று. ரோமர்களின் லத்தீன் பாஷையில் 'வல்லுஸ்' என்றால் தரையில் நடும் முளை. அத்தகைய முளைகளை வரிசையாக நட்டு, மண்மேடு எழுப்பிப் பாசறையைச் சுற்றி அமைத்த அரணுக்கு 'வல்லும்' என்று பெயர். ரோமரோடு போரிட்டும் வாணிபம் செய்தும் பழகிய ஜெர்மானிய வகுப்பினர் அந்தப் பெயரைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் பிரிட்டனில் குடியேறியபோது அது அவர்களோடு கடல் கடந்து சென்றது.

பிரிட்டனும் ஒரு காலத்தில் அந்நியருக்குக் கீழ்ப்பட்ட நாடு என்பதை நேயர்கள் அறிவார்கள். கி.பி. 43 முதல் ஏறக்குறைய 410 வரையில் ரோமர்கள் அங்கே ஆண்டார்கள். ஹாட்ரியன் என்ற சக்கரவர்த்தி கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய நெடுஞ்சுவர், தீவின் இரு கடற்கரைகளுக்கும் இடையே சுமார் 117 கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது. அதன் இடிபாடுகளை இன்றும் காணலாம்.

ஜெர்மன் பாஷையில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் சுவருக்கு 'வாண்ட்' என்று ஒரு சொல்; கல்லும் காரையும் வைத்துக் கட்டிய சுவருக்கு 'மௌவர்' என்று வேறொரு சொல்; கோட்டை அரணுக்கு 'வால்' என்று மூன்றாவது சொல். இவற்றுள் 'வாண்ட்' என்பது முறுக்குதல், பின்னுதல் என்ற பொருளுடைய வேரினின்று பிறந்தது. ஆதியில் அவர்களுடைய வீட்டுச் சுவர், மிலாறுகளைப் பின்னி மண் அப்பிய தட்டியே! ஆங்கிலமோ இந்த மூன்று வேலைகளையும் 'வால்' என்ற ஒரே சொல்லின் தலையில் சுமத்திவிட்டது. நமது தமிழில் வீட்டுக்குச் சுவர், ஊருக்கும் கோயிலுக்கும் மதில். எயில், இஞ்சி, புரிசை என்று கோட்டை மதிலுக்கு நமது புலவர்கள் வழங்கிய பெயர்கள் வேறு. இந்த விஷயத்தில் வறுமை எந்தப் பக்கம் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

கட்டிடத்தின் மற்ற உறுப்புக்களைக் கேட்டாலும் கதை இதுவே. கூரை ஓட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'டைல்' என்பது லத்தீன் 'டெகுலா'. பள்ளிக்கூடத்துச் 'சாக்' கட்டியின் பெயர், சுண்ணாம்பைக் குறிக்கும் லத்தீன் 'கால்க்ஸ்'. சுவர்ச் சித்திரத்தைக் குறிக்கும் 'மியூரல்' என்பதும் சுவருக்கு லத்தீனில் வழங்கிய மற்றொரு பெயராகிய 'மூருஸ்' என்பதிலிருந்து வந்ததே.

காற்றின் கண்

சுவர் எழுப்பினால் காற்று வர வழி வேண்டுமல்லவா? 'விண்டோ' என்ற சொல்லை ஆங்கிலேயர் பெற்றது, கடற்கொள்ளையராக வந்து பிறகு குடிகளாகிவிட்ட வடபுலத்தாரிடமிருந்து. அவர்களுடைய பாஷையில் 'விண்ட்' என்றால் காற்று. 'ஔகா' என்றால் கண். ஆகவே சன்னல் என்பது காற்றின் கண்!

இந்த அழகிய கற்பனை நமக்குப் புதிதன்று. 'கால்' என்றால் காற்று, 'அதர்' என்றால் வழி. இரண்டையும் சேர்த்துக் 'காலதர்' என்று நமது முன்னோர்கள் சொன்னார்கள். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். பல கண்களை உடையது 'பலகணி'. காற்றும் கண்ணும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கூடிவிட்டன. தமிழில் இரண்டு சொற்களாக நிற்கின்றன. ஆனால் நாம் இன்று வழங்குவது இரண்டையும் அன்று. 'ஜன்னல்' என்பது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'ஜனேலா'. கடன் வாங்குவது ஆங்கிலேயருக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல என்பதற்காக இதைச் சொன்னோம்.

மருந்தும் வியாதியும்

சுவருக்குப் பூசும் 'பிளாஸ்டர்' இருக்கிறதே, அது முதலில் வைத்தியருடைய சொத்து. கிரேக்க பாஷையில் 'எம்பிளாஸ்திரோன்' என்றால் புண்ணின் மேல் அப்பும் களிம்பு. உடம்பின் காயத்துக்கு இட்ட பெயரே பின்னால் சுவரின் காயத்துக்கும் ஆயிற்று. விரலில் வெட்டுக்காயம் பட்டால் நாம் ஒட்டுகிற பிளாஸ்திரிதான் அந்தச் சொல்லின் பழைய உருவம். கொத்தனார் பூசுவது பிந்திய உருவம்.

'டிஸ்டெம்பர்' என்பது நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் அறிந்த வர்ணப் பூச்சு. ஆனால் நாய் வளர்க்கிறவர்களுக்கு அதே பெயரில் ஒரு கொடிய வியாதியும் தெரியும். சுவரின் வர்ணத்துக்கும் நாயின் வியாதிக்கும் என்ன சம்பந்தம்? லத்தீனில் 'டெம்பெராரே' என்றால் அளவறிந்து கலத்தல். வர்ணப் பொடியை நீரிலும் பசையிலும் கரைத்துக் கலப்பதால் பூச்சுக்கு அப்பெயர் வந்தது. உடம்பிலுள்ள தாதுக்கள் அளவு தப்பிக் கலந்தால் நோய் வரும் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பியதால் வியாதிக்கும் அதே பெயர் வந்தது. வாத பித்த சிலேத்துமம் மிகினும் குறையினும் நோய் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்குவதில் கஷ்டமில்லை. கோபத்தைக் குறிக்கும் 'டெம்பர்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கண்டபடி அப்புவதை ஆங்கிலத்தில் 'டாப்' என்பார்கள். கைதேராத சித்திரக்காரனைப் பரிகசிப்பதற்கும் இச்சொல் பயன்படும். இதன் மூலமாகிய லத்தீன் 'டெயால்பாரே' என்பதற்கு வெள்ளையடித்தல் என்பதே பொருள். பாவம், தூய வெண்மையாகப் பிறந்த சொல், நாளடைவில் அழுக்கப்பிக்கொண்டு நிற்கிறது! குற்றத்தை மறைப்பதற்கு 'வெள்ளையடித்தல்' என்று ஆங்கிலேயர் சொல்கிறார்கள். நாம் 'பூசி மெழுகுதல்' என்கிறோம். தேசங்கள் வேறாயினும் சுவரும் ஒன்றே, மனித சுபாவமும் ஒன்றே.

எழுதுவதா, தீட்டுவதா?

'பெயிண்ட்' என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் 'பிங்கெரே'. 'பிக்சர்' என்ற சித்திரமும் 'பிக்மென்ட்' என்ற வர்ணப் பொடியும் அதன் உடன்பிறப்புக்கள். பொன்னிறமும் செம்மையும் கலந்த நிறத்துக்கு ஸம்ஸ்கிருதத்தில் வழங்கும் 'பிங்கலம்' என்ற சொல்லும் அந்த ஆதி வேரினின்று கிளைத்ததே என்பது மொழி நூலாரின் கருத்து.

தமிழில் சித்திரத்தை 'எழுதுவது' என்கிறோம். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே வினைச்சொல். கிரேக்கரும் இரண்டுக்கும் 'கிராஃபைன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் 'ரைட்' என்றால் ஆதியில் கீறுதல் என்றுதான் பொருள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு இதுவும் அந்நியமன்று.

சில சொற்களின் பிறப்பு சிரிப்பூட்டுவதாக இருக்கும். சித்திரக்காரர் படத்தைச் சாய்த்து வைக்கும் மரச் சட்டத்துக்கு 'ஈசல்' என்று பெயர். டச்சுக்காரரின் பாஷையில் அதற்குக் கழுதை என்று பொருள். பேசாமல் நின்று சுமக்கிறதல்லவா? 'மினியேச்சர்' என்றால் சிறிய சித்திரம் என்று நாம் எண்ணுகிறோம். அச்சொல் பிறந்தபோது அதற்கும் சிறுமைக்கும் சம்பந்தமில்லை. ஈயச் செந்தூரத்துக்கு லத்தீனில் 'மினியும்' என்று பெயர். ஏட்டுப் பிரதிகளில் அந்தச் சிவப்பைக் கொண்டு எழுதிய அலங்காரம் 'மினியேச்சர்' ஆயிற்று. ஏட்டில் உள்ள சித்திரங்கள் சிறியவையாக இருந்ததால் பெயரின் பொருளும் சுருங்கிவிட்டது.

ஈரமும் உலர்வும்

இப்போது சொல்லப்போவது வெறும் விநோதமல்ல. 'பிரெஸ்கோ' என்ற சொல்லைப் பத்திரிகைகளிலும் பிரயாண நூல்களிலும் அடிக்கடி காண்கிறோம். சுவரில் எழுதிய எந்தச் சித்திரத்துக்கும் இதை வழங்கிவிடுகிறார்கள். இது இத்தாலிய பாஷை. புதியது, ஈரம் உலராதது என்று பொருள். சுண்ணாம்புக் காரையைப் பூசி, அது உலர்வதற்கு முன், நீரில் கரைத்த வர்ணத்தை அதன் மேல் இட வேண்டும். சுண்ணாம்பு உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மறுபடி கல்லாகிறது. வர்ணமும் அந்தக் கல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அங்கே பசை வேண்டியதில்லை, சுவரே பசை. ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கே காரை பூசுவார்கள். 1508 முதல் 1512 வரையில் ரோமாபுரியில் சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தை மைக்கலாஞ்சலோ எழுதியது இந்த முறையில்தான்.

அஜந்தாவின் சித்திரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. உமியும் நாரும் கலந்த மண்ணைப் பாறைமேல் பூசி, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பு தடவி, உலர்ந்த பிறகு பசை கலந்த வர்ணத்தால் எழுதினார்கள். 1819-இல் சென்னைப் படையைச் சேர்ந்த ஓர் ஆங்கில அதிகாரி அந்தக் குகைகளைக் கண்டபின், 'அஜந்தா பிரெஸ்கோ' என்ற பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஈரத்தில் எழுதியது கல்லோடு கல்லாய் நிற்கும். உலர்ந்த சுவரில் பசையால் எழுதியதை ஈரத் துணியால் துடைத்தால் துணியோடு போய்விடும். இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, ஒரே விதமாக நடத்தினால் நஷ்டம் யாருக்கு? 1920-க்குப் பின் அஜந்தாவைச் செப்பனிட இத்தாலியிலிருந்து நிபுணர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் பூசிய அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளித்துச் சித்திரங்களை மறைத்தது. பிற்காலத்தவர் அதை நீக்குவதற்கு மிகவும் பாடுபட நேர்ந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கதை வேறு. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட பாதையில், நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் பெயர்ந்திருந்த இடத்தில், அடியில் சோழர் சித்திரங்கள் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சென்னை மியூசியத்தின் ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, அவை ஈரச் சுண்ணாம்பின் மேல் எழுதப்பட்ட உண்மையான பிரெஸ்கோ என்று முடிவு கூறினார். தன் பெயருக்கு உரிமையுள்ள சித்திரம் நமது தஞ்சையில் ஆயிரம் ஆண்டுகளாக இருந்திருக்கிறது! நாயக்கர் சித்திரங்களையும் அழித்துவிடாமல், சில இடங்களில் அவற்றைப் பெயர்த்தெடுத்து வேறு பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

வர்ணங்களின் ஊர்

வர்ணங்களின் பெயர்களைச் சுரண்டினால், நமது தேசமே வெளிப்படுகிறது. 'கிரிம்ஸன்' என்ற செந்நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியருக்கு அதை அளித்தது அராபியரின் 'கிர்மிஸ்'. அதற்கும் அப்பால் நிற்பது ஸம்ஸ்கிருதத்தின் 'கிருமிஜம்', அதாவது கிருமியிலிருந்து பிறந்தது. செடியில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்தே அந்தச் சாயத்தைச் செய்தார்கள். 'லாக்கர்' என்ற மெருகெண்ணெயும் 'ஷெல்லாக்' என்ற அரக்கும் ஸம்ஸ்கிருத 'லாக்ஷா'வின் பேரப்பிள்ளைகள். பாண்டவர்களை எரிப்பதற்காகத் துரியோதனன் கட்டுவித்த அரக்கு மாளிகையின் சுவர்களை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

'அல்ட்ராமரீன்' என்ற நீலத்துக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள். ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்து அதைச் செய்தார்கள். ஐரோப்பாவில் அதன் விலை பொன்னுக்கு நிகராக ஏறியதுண்டு. அதே கல்லின் நீலம் அஜந்தாவிலும் இருக்கிறது. பாரிஸ் நகரத்துச் சங்கமொன்று 1824-இல் 6,000 பிராங்கு பரிசு அறிவிக்க, கிமே என்ற பிரெஞ்சுக்காரர் அந்த நீலத்தைச் செயற்கையில் உண்டாக்கி 1828-இல் பரிசைப் பெற்றார். அதற்குப் பின் ராஜாக்களின் நீலம் ஏழைகளுக்கும் எட்டிற்று. நமது வீட்டில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலந்த நீலப்பொடி பெரும்பாலும் அதுவே.

'இண்டிகோ' என்ற பெயருக்கோ விளக்கமே வேண்டாம். கிரேக்கரின் 'இந்திகோன்' என்பதற்கு இந்தியப் பொருள் என்று அர்த்தம். அது நமது அவுரிச் சாயம். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு கண்ணீர் இருக்கிறது! வங்காளத்து உழவர்கள் 1859-60-இல் வெள்ளைத் தோட்டக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். பீஹாரில் சம்பாரண் ஜில்லாவில், ஒவ்வொரு இருபது கட்டா நிலத்திலும் மூன்று கட்டாவில் அவுரி பயிரிட்டே தீர வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இருந்தது. 1897-இல் ஜெர்மனியின் செயற்கைச் சாயம் கடைக்கு வந்து விலை வீழ்ந்தபோது, தோட்டக்காரர்கள் தம் நஷ்டத்தையும் உழவர்களின் தலையிலே ஏற்றினார்கள். 1917-இல் காந்தியடிகள் அங்கே சென்றார். மறு ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு அந்த நிர்ப்பந்தம் ஒழிந்தது. நமது விடுதலைப் போரின் முதல் ஏடுகளில் ஒன்று, ஒரு வர்ணத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

நாம் கொடுத்ததும் நாம் மறந்ததும்

ஆங்கில அகராதிகளில் 'சுனாம்' என்று ஒரு சொல் உண்டு. நமது சுண்ணாம்பின் உறவுதான்! சென்னைச் சுண்ணாம்புப் பூச்சின் புகழ் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவரை எட்டியிருந்தது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராயிருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சிறந்த காரை தயாரிக்கும் முறையை விவரித்து எழுதியது, லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் 1732-இல் வெளியாயிற்று. 1780-இல் சென்னைக்கு வந்த சித்திரக்காரர் வில்லியம் ஹாட்ஜஸ், இங்குள்ள மாளிகைகளின் பூச்சு சலவைக்கல்லை ஒத்திருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைத்து, மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் நெய்யும் தயிரும் கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய நமது கொத்தர்களின் கைத்திறமை அது.

நமது சொற்களின் பழமையும் சாமானியமானதன்று. மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் மகேந்திரவர்ம பல்லவன் பொறித்த கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் அக்கோயிலை அமைத்ததாகப் பெருமை பேசுகிறது. 'சித்திரகாரப்புலி' என்று விருது பூண்ட மன்னன் அவன். சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அமுதத்துக்கும் அதே பெயர். சித்திரம் எழுதுவோரை மதுரைக்காஞ்சி 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்பவர் கண்ணுக்குள்ளே புகுந்து வேலை செய்கிறவர்களாம்! எந்த அகராதியில் இதற்கு ஈடான சொல் உண்டு?

இத்தனை செல்வத்தையும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்? காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் சித்திரங்களின் மிச்சங்களை, பிற்காலத்துப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931-இல் வெளிப்படுத்தியவர் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர். பக்தியோடு செய்த திருப்பணியிலேயே எத்தனையோ கோயில்களில் பழைய ஓவியங்கள் வெள்ளைக்குள் மறைந்தன. நமது சொற்களுக்கும் அதே கதி நேர்ந்து வருகிறது. சிமெண்டு வந்தபின் காரை போயிற்று. காரையோடு அதை அரைத்தவர்களின் பாஷையும் போகிறது.

ஆங்கிலம் ரோமரிடம் சுவரை வாங்கியது. வடபுலத்தாரிடம் சன்னலை வாங்கியது. கிரேக்கரிடம் பூச்சையும், இத்தாலியரிடம் சித்திர முறையையும், நம்மிடம் வர்ணத்தையும் சுண்ணாம்பையும் வாங்கியது. வாங்கியதற்காக அது வெட்கப்படவில்லை. வாங்கியதையெல்லாம் அகராதியில் எழுதி வைத்துப் போற்றுகிறது. நாம் வெட்கப்பட வேண்டியது பிறரிடம் வாங்குவதற்காக அல்ல. சொந்தப் பெட்டியில் இருப்பதைத் திறந்து பாராமல் இருப்பதற்காகத்தான்.

அடுத்த முறை வீட்டில் பூச்சு வேலை நடக்கும்போது, வயது சென்ற கொத்தனார் ஒருவர் அகப்பட்டால், அவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். கருவிகளுக்கும் கலவைகளுக்கும் அவர் வழங்கும் பெயர்களைக் குழந்தைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அவற்றுள் பல, அச்சேறிய எந்த அகராதியிலும் அகப்படமாட்டா. அவர் போன பிறகு அவற்றைத் தேடிச் சுரண்டுவதற்கு நமக்குச் சுவரும் இராது.